இவளை நான்தான் இழுப்பேன்

கீழேயிருந்து சின்னத்தையின் குரல் வருகிறது. "பின்னாடிதான் படி இருக்குல்ல, அதுல ஏறிப் போனா இந்தப் புள்ளைக்கு ஆகாதாக்கும்?" அத்தை என்னவோ பதில் சொல்கிறார், மாமா சிரிக்கிறார், டிபன் டப்பா ஒன்றைத் திறக்கிற சத்தம் கேட்கிறது. நான் அவர்கள் தலைக்கு மேலே, பாறையில், வலது கைவிரல்களை ஒரு வெடிப்புக்குள் செருகிக்கொண்டு இடது காலுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் சிரிப்பு வரவேண்டிய இடம் இது. படி இருக்கேம்மா என்று கேட்காத மனிதர் இந்தச் சட்டிப்பாறைக்கு இதுவரை வந்ததில்லை. உச்சியில் ஒரு சின்ன முருகன் கோயில், பின்பக்கமாக அதற்குச் செதுக்கின படிகள், வெயில் ஏறுவதற்குள் முழங்கால் வலிக்காரர்கள்கூட மேலே போய்க் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். முன்பக்கம் வெறும் மொட்டைச் சுவர். அதில் போய் ஒருத்தி தொங்கினால் ஏன் என்று கேட்கத்தான் செய்வார்கள், அதில் தப்பே இல்லை. ஆடு மேய்க்க வந்த ஒரு அம்மா ஒருமுறை அண்ணாந்து பார்த்து, "என்ன வேண்டுதல் தாயி, புள்ள இல்லையா?" என்று கேட்டார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பரணி, "மாப்பிள்ளை கிடைக்கணும்னு வேண்டுதல்ங்கம்மா" என்றான், முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு. சிரித்த சிரிப்பில் எனக்குப் பிடி நழுவிவிட்டது. பிற்பாடு அவனே மாப்பிள்ளையானான். இன்றைக்கும் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் அவன்தான். பக்கத்தில் ஜமக்காளம் விரித்து அவன் அப்பா, அம்மா, சித்தி. மூன்று பேரும் என்னைப் பார்க்க வரவில்லை. அவன் என்னை இழுப்பதைப் பார்க்க வந்திருக்கிறார்கள்.

இடது கால் கிடைத்துவிட்டது, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மேடு. நிற்கிறேன். என்ன வேண்டுதல் என்பதுதான் அன்றைக்கு நான் தொங்கின தடத்துக்கு, பாறையில் ஏறிப்போகிற அந்த வழிக்கு, இப்போது பெயர். ஒரு புதுத் தடத்தில் யார் முதலில் விழாமல் ஏறி முடிக்கிறார்களோ அவர் அதற்குப் பெயர் வைக்கலாம், பாறை ஏறுகிற கூட்டத்தில் அது வழக்கம். மற்றவர்கள் புலி, மின்னல் என்று வைப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஜனங்கள் கேட்ட கேள்வியைப் பெயராக வைத்தோம். மாசம் எவ்வளவு தருவாங்க, அது தெற்குப் பக்கத்தில் இருக்கிறது. கை வியர்க்காமல் இருக்க இடுப்புப் பையில் வைத்திருக்கும் வெள்ளைப் பொடியைப் பார்த்து ஒருவர் கேட்டது, கோலமாவு எதுக்கு. அது கொஞ்சம் வழுக்கல். செருப்போட ஏறினா சாமி குத்தமில்லையா, அது எங்கள் ஷூவைப் பார்த்துக் கேட்டது, அந்தத் தடத்தைப் பரணி வெறுங்காலோடு ஏறிக்காட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டான். இருக்கிறதிலேயே முரட்டுத் தடம், வயிறு முட்டுகிற மாதிரி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் பாறை, அதற்கு என் அம்மாவின் பொன்மொழி: கர்ப்பப்பை எறங்கிரும். ஏறி முடித்துவிட்டு அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து, அன்றைக்குக் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் நடித்துக்காட்டுவான். அந்தக் குரல், அந்தக் கைவீச்சு, அப்படியே வரும். கடைசியில் தலையை ஆட்டி, "அவங்களுக்கு என்ன புரியப்போகுது, விடு" என்பான். அந்த வாக்கியத்துக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டேன் என்று தோன்றுகிறது. அவங்க என்று ஒரு ஊரே ஒரு பக்கம் இருக்க, இந்தப் பக்கம் நாங்கள் இரண்டே பேர் டீக்கடை பெஞ்சில். பெஞ்சின் அந்த முனையில் அவன் இப்போதும் உட்கார்ந்திருப்பதாகத்தான் போன வாரம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கயிறு இடுப்பில் கிண்ணென்று இருக்கிறது. இவ்வளவு இறுக்கம் எனக்கு வேண்டாம் என்று அவனுக்குத் தெரியும். கையை மாற்றி வைக்கிறேன், பொடியில் தோய்த்து, ஊதி, மறுபடி வைக்கிறேன். யாரைக் கேட்டாலும் சொல்லுவது ஒன்றுதான்: கீழே இருக்கிற ஆள் இழுப்பான், மேலே இருக்கிற ஆள் போவான். கிணற்று வாளி கணக்குத்தான். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்த காலம் உண்டு. கயிறு யாரையும் ஏற்றிவிடாது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நான் ஏறுவேன், போகிற வழியில் பாறையில் அடித்திருக்கிற வளையங்களில் கொக்கி போட்டு அதை மாட்டிக்கொண்டே போவேன், கயிறு என்னோடு சேர்ந்துதான் மேலே வரும். கீழே இருப்பவன் என் வேகத்துக்கு அதைத் தளர்த்திக் கொடுப்பான். விழுந்தால் பிடிப்பான். அவ்வளவுதான் அவன் வேலை, ஆனால் அது லேசான வேலையில்லை. கடினமான இடத்துக்கு வந்ததும் நான் திரும்பிப் பார்க்காமல், "இருக்கியா?" என்பேன். "இருக்கேன்" என்பான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கையை எடுப்பேன். வீட்டில் அத்தை மாமா முன்னால் அவனை என்னங்க, வாங்க என்பேன். பாறையில் மட்டும் நீ, பரணி, டேய். இன்றைக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இதுவரை வாயே திறக்கவில்லை.

போன வாரம் மாமாவுக்கு மணிவிழா. மண்டபத்தில் இரண்டாம் பந்தி. நான் பாயச வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தேன், பட்டுப்புடவை, கையில் முழங்கை வரை வளையல், விரல் காய்ப்புகளை யாரும் பார்த்துவிடாமல் கரண்டியைப் பிடித்திருந்தேன். மாமாவோடு டெப்போவில் வேலை பார்த்த ஒருவர் பரணியிடம் கேட்டார்: "ஏப்பா, பொண்டாட்டிய மேல ஏத்திவிட்டுட்டு நீ கீழ நின்னு வேடிக்கை பாப்பியாமே, அப்படியா?" வரிசை முழுக்கச் சிரிப்பு. மாமா மட்டும் சிரிக்கவில்லை, இலையைப் பார்த்தார். அதைப் பரணி பார்த்தான். நானும் பார்த்தேன். இது டீக்கடைக்கு ஆகும், பரணி இதை எப்படி நடித்துக்காட்டுவான் என்றுதான் எனக்கு அந்த நிமிஷமும் ஓடியது. அவன் சொன்னான், "அட நீங்க வேற. நான்தான் மொதல்ல ஏறிக் கயித்தக் கட்டிட்டு வருவேன். அப்பறம் கீழ நின்னு இவளை நான்தான் இழுப்பேன். இல்லாட்டி இவளாவது, ஏறுறதாவது." மாமா முகம் தெளிந்துவிட்டது. "இழுக்கிறதுக்கும் தெம்பு வேணும்ல" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். நான் வாளியோடு அவன் முன்னால் வந்து நின்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தான். அதில் ஊற்றினேன். அடுத்த இலைக்கும் ஊற்றினேன். ராத்திரி வண்டியில் வரும்போது, "சும்மா சொன்னதுடி. அவங்களுக்கு என்ன புரியப்போகுது, விடு" என்றான். அதே வாக்கியம். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் போலிருக்கிறது, அந்த வாக்கியத்தை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டான் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை. தெரியாதவர்கள் உளறினால் சிரிக்கலாம். இவனுக்குத் தெரியும். இந்தப் பாறையில் யாருக்காவது தெரியும் என்றால் இவனுக்குத்தான் தெரியும்.

பாதிக்கு மேல் வந்துவிட்டேன். மேலே கயிறு தொங்கி வருகிற இடம் தெரிகிறது. அது காலையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. என் மகன் இழுக்கிறதை நான் பார்க்கணும் என்று மாமா பிடிவாதம் பிடித்து, வேன் பேசி, எலுமிச்சை சாதம் கட்டி, நாங்கள் வந்து சேர்வதற்கு முன்னால் பரணி பைக்கில் வந்துவிட்டான். பின்பக்கப் படியில் ஏறிப்போய், உச்சி விளிம்பில் அடித்திருக்கிற வளையத்தில் கயிற்றை மாட்டி, இரண்டு முனையும் தரைக்கு வருகிற மாதிரி தொங்கவிட்டிருந்தான். ஒரு முனை எனக்கு, ஒரு முனை அவனுக்கு. புதிதாகப் பழக வருகிறவர்களுக்கு நாங்கள் அப்படித்தான் போட்டுக்கொடுப்போம். என் தடத்தில் எனக்கு. நான் அந்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் என் முடிச்சைச் சரிபார்க்கிற சாக்கில் குனிந்து, "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சசி. அப்பா ஆசைப்படுறாரு" என்றான். பின்னாலேயே அத்தை, "என்னத்தா, பயமா இருக்கா? பயமா இருந்தா வேணாம்த்தா" என்றார். இல்லைங்கத்தை என்று சொல்லிவிட்டுப் பாறையில் கைவைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்? பயம் என்று சொல்லிவிடுவார்களே என்றா? இல்லை. கை வைத்ததும் அவனே வெட்கப்பட்டு, அப்பா, இது இவ ஏறின தடம், என்னால முடியலை என்று சொல்லிவிடுவான் என்று எங்கேயோ ஒரு நப்பாசை. இரண்டு வருஷம் இந்தத் தடத்தில் அவன் முட்டிக்கொண்டது எனக்குத் தெரியும். மார்கழியில் நான் ஏறி முடித்தேன், முதல் ஆள் நான்தான். சரியான கேள்வி எதுவும் மாட்டாததால் இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அன்றைக்குத் தரைக்கு வந்ததும் அவன் என்னைத் தூக்கிச் சுற்றினான், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அதற்கப்புறம் டீயை உறிஞ்சிக்கொண்டே ஒன்று சொன்னான். "உனக்குக் கை சின்னது, அந்த விளிம்பு உனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு." நானும் ஆமாம் என்று சிரித்தேன். இப்போது அந்த விளிம்புக்கு நேர் கீழே நிற்கிறேன். அதுவும் நடித்துக்காட்ட வேண்டிய பேச்சுத்தானே, நான் ஏன் அதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை? அன்றைக்கே ஆரம்பித்துவிட்டதா? தூக்கிச் சுற்றினது நிஜமா? கலங்கினது எதற்காக? ஒரு நூலை இழுத்தால் புடவை முழுக்கச் சுருங்கிக்கொண்டு வருகிறது.

போதும், இந்த இடத்தில் யோசிக்கக் கூடாது. விளிம்பு நகக்கண் அளவுதான். இடது கையின் இரண்டு விரலை அதில் வைத்து, வலது காலை வழவழப்பான சுவரில் வெறுமனே ஒட்டி, உடம்பை வலது பக்கம் சாய்த்து, அப்படியே எழவேண்டும். காலில் பிடிமானம் எதுவும் இல்லை, எடையை நம்பிப் போட்டால்தான் ஒட்டும், பயந்து பாதி எடையைப் போட்டால் வழுக்கும். வாய் தானாகத் திறக்கிறது. "இருக்கியா?" கீழே பேச்சு நிற்கிறது. "இருக்கேன், இருக்கேன்" என்கிறான், இரண்டு தடவை, கொஞ்சம் சத்தமாக, மேடையில் சொல்கிற மாதிரி. விரலை வைக்கிறேன். காலை ஒட்டுகிறேன். எடையைச் சாய்க்கிறேன், ஒட்டுகிறது, எழுகிறேன், இதோ. இடுப்பில் ஒரு வெட்டு. கயிறு என்னை இடது பக்கமாகச் சுண்டுகிறது. "பாருங்கப்பா, இப்படித்தான் இழுக்கணும்" என்ற குரல் கேட்கிறது, எடை காலைவிட்டுப் போகிறது, கால் வழுக்குகிறது, விரல் உரிகிறது, சுவர் என் முகத்தை உரசிக்கொண்டு நகர்கிறது, நான் அந்தரத்தில் தொங்கிச் சுற்றுகிறேன். ஒரு முழம்கூட விழவில்லை. கீழே கைதட்டல். "பாத்தியா, பாத்தியா, பிடிச்சுட்டான்ல எம்மகன்" என்கிறார் மாமா. "முருகா, அவன் மட்டும் பிடிக்கலேன்னா என்ன ஆகியிருக்கும்" என்கிறார் சின்னத்தை. அத்தை கும்பிடுகிறார் போலிருக்கிறது, வளையல் சத்தம். மூக்கு நுனி எரிகிறது, தொட்டுப் பார்த்தால் விரலில் ரத்தம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இல்லப்பா, நான் இழுத்ததாலதான் அவ விழுந்தா. அதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? கயிற்றில் தொங்கிக்கொண்டே அதற்காகக் காத்திருக்கிறேன். கைதட்டல் ஓய்ந்து, யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார்கள்.

இத்தனை நாள் எனக்கு உயரம் பயமாக இருந்ததே இல்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் நிஜம். கீழே அவன் இருந்தான், அதனால் கீழே என்று ஒன்று இருந்தது. இப்போது கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தால் ஜமக்காளம், மூன்று தலை, பரணியின் நீலத் தொப்பி, எல்லாம் ரொம்பத் தூரத்தில் இருக்கின்றன. அவன் கையில்தான் நான் தொங்குகிறேன், அவன் விட்டுவிடமாட்டான், அது எனக்குத் தெரியும், ஆளைக் கொல்லுகிறவன் இல்லை பரணி. நல்லவன். கயிற்றை விடமாட்டான். என்னைத்தான் விட்டுவிட்டான். இதைச் சண்டையாகப் போட்டால் எப்படிப் போகும் என்றும் தெரியும். விழுந்தியா? பிடிச்சேனா? அப்பறம் என்ன? அப்பாவுக்காக ஒரு நாள் விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிருவ? குறைந்துதான் போவேன். நான் இதில் ஏறுகிறேன் என்பதைத் தவிர எனக்கென்று தனியாக வேறு என்ன இருக்கிறது, அதைப் பார்த்த ஒரே சாட்சி நீதானேடா. நீ இல்லை என்று சொல்லிவிட்டால் நான் ஏறினதற்கு யார் சாட்சி, இந்தக் கல்லா? அழுகை வருகிறது, அதைக் கீழே இருப்பவர்கள் பயம் என்று எண்ணிக்கொள்வார்களே என்று அதற்கும் ஆத்திரம் வருகிறது. சுற்றுவது நின்றதும் சுவரைப் பிடித்து, விளிம்புக்குக் கீழே பழைய இடத்தில் காலை ஊன்றிக்கொள்கிறேன். "என்னங்க" என்று கத்துகிறேன். என் குரல் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. "தளர்த்துங்க. நல்லாத் தளர்த்துங்க." அவன் தயங்குகிறான். "தளர்த்துடா!" என்கிறேன். ஜமக்காளம் அப்படியே அடங்கிவிடுகிறது. கயிறு தொள தொளவென்று என் முழங்காலைத் தொடுகிறது.

இரண்டு விரல். ஒட்டின கால். சாய்ந்து, முழு எடையையும் போட்டு, எழு. இந்தத் தடவை இருக்கியா என்று கேட்கவில்லை. கேட்காமல் எழ முடியுமா என்பது எனக்கே தெரியாது, கால் ஒட்டுகிறது, வலது கை மேலே போய் ஒரு நல்ல மேட்டைப் பிடித்துக்கொள்கிறது. முடிந்துவிட்டது. இதற்கு மேல் சுலபம், இரண்டு வெடிப்பு, ஒரு பலகைமாதிரி கல், பிறகு உச்சி. காற்று அடிக்கிறது. விளிம்பைத் தாண்டி ஏறி, அங்கே அடித்திருக்கிற வளையத்தில் என் இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டிக்கொண்டு உட்காருகிறேன். பின்னால் கோயில் மணி ஒரு தடவை அடிக்கிறது, கற்பூர வாசனை. வழக்கமாக இங்கே உட்கார்ந்து எட்டிப் பார்த்து, "இறக்கு" என்பேன். அப்புறம் கயிற்றில் முழுசாகச் சாய்ந்து, இரண்டு கையையும் விட்டுவிட்டு, அவன் இறக்கிவிட, ஊஞ்சலாட்டமாகத் தரைக்குப் போவேன். ஏறுவதைவிட எனக்குப் பிடித்தது அதுதான். சாய்வதற்கு இப்போது உடம்பு வரமாட்டேன் என்கிறது. மனசு கூட, போனால் போகிறது, இன்றைக்கு மட்டும் என்கிறது. முதுகு வரமாட்டேன் என்கிறது. உட்கார்ந்தபடியே இடுப்பு முடிச்சைத் தொடுகிறேன். காலையில் அவன் சரிபார்த்த முடிச்சு. என் எடை விழுந்ததில் நன்றாக இறுகிவிட்டிருக்கிறது, நகத்தால் நெம்பி, கொஞ்சம் கொஞ்சமாக, முழுசாக அவிழ்த்து எடுக்கிறேன். கையில் இருப்பது இப்போது வெறும் கயிறு. "இழுங்க!" என்கிறேன் கீழே பார்த்து. "நல்லா இழுங்க!"

இழுத்தான். "ஏறிட்டாளா, இன்னும் மேலயா?" என்று மாமா கேட்பது காதில் விழுந்தது, கை மாற்றி மாற்றி இழுக்கிற அவன் முதுகு தெரிந்தது. முனை வளையத்துக்குள் நுழைந்து, கொஞ்சம் துடித்து, விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. சளசளவென்று ஜமக்காளத்துக்குப் பக்கத்தில் விழுகிற சத்தம். அப்புறம் அவன் குரல், எனக்குத் தெரிந்த பழைய குரல், மேடைக் குரல் இல்லை. "சசி! இருக்கியா?" ஒரு தடவைகூட அவன் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை, கேட்பது நான், பதில் அவன். பயந்துவிட்டான். பாவமாகத்தான் இருந்தது. இருக்கேன் என்று சொல்ல வாய் வந்தது, அந்தச் சொல் மட்டும் வரவில்லை. "வர்றேன்" என்றேன். கொக்கியைக் கழற்றிக்கொண்டு எழுந்து கோயிலைச் சுற்றி நடந்தேன். பூசாரி திருநீறு கொடுத்தார், மூக்கில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "படியில விழுந்துட்டியாம்மா?" என்று கேட்டார். படியில் இறங்கினேன். இத்தனை வருஷத்தில் இந்தப் படியில் நான் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. நல்ல அகலமான படிகள், ஓரத்தில் இரும்புக் கம்பிகூடப் போட்டிருக்கிறார்கள்.

பாறையைச் சுற்றிக்கொண்டு அடிவாரத்துக்கு வந்தபோது சின்னத்தைதான் முதலில் பார்த்தார். "வாத்தா. இந்தா, படி வழியாவே வந்துட்டா. இதத்தான நான் அப்பவே சொன்னேன்" என்றார். அத்தை முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். பரணி காலடியில் குவிந்து கிடந்த கயிற்றுக்கு நடுவே நின்றான், முனையைக் கையில் வைத்துக்கொண்டு, முடிச்சு இருந்த இடத்தில் கயிறு நெளிந்திருந்ததை விரலால் நீவிக்கொண்டு. மாமா என்னைப் பார்த்தார், நான் வந்த பாதையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை, மனுஷர் விகல்பமில்லாமல்தான் கேட்டார். "டேய் பரணி, அப்ப நீ இம்புட்டு நேரமா யாரைடா இழுத்துக்கிட்டிருந்த?" எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. மார்கழியிலிருந்து தேடிக்கொண்டிருந்தோமே, இந்தத் தடத்துக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது. பழக்கத்தில் சட்டென்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் குனிந்து கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்திருந்தான்.